சூரன் தலையும் என் படர்தாமரையும்

இதை எழுதுவதா விடுவதா என்று பல வருடங்களாக யோசித்துக்கொண்டிருந்தேன். பயம் ஒன்றும் இல்லை. முருகப்பெருமானின் அருளையும் என் தொடையிடுக்கையும் ஒரே வசனத்தில் எப்படி எழுதுவது என்று தெரியவில்லை, அவ்வளவுதான். முருகனை மட்டும் எழுதினால் அது பொய். மற்றதை மட்டும் எழுதினால் யார் படிப்பார்கள்? இரண்டையும் சேர்த்து எழுத என் படிப்புப் போதாது. (பள்ளிக்கூடத்தில் சாதாரண தரம் வரைக்கும் போனேன். பரீட்சை எழுதியதோடு சரி. பெறுபேறு பார்க்கத் தைரியம் வரவில்லை.) ஆனால் நான் எழுதாமல் இருக்க இருக்க இந்தக் கதை தானாக வளர்ந்துகொண்டே போகிறது. மூதூர்ப் பக்கம் சொல்லப்படுகிற கதையில் என் தலைக்குப் பின்னால் ஒளிவட்டம் வந்துவிட்டதாம். வட்டம் வந்தது உண்மை. வந்த இடம் வேறு.

நான் திருகோணமலைத் துறைமுகப் பக்கம் ஓட்டோ ஓடுகிறவன். வீடு அன்புவழிபுரத்தில். மூதூர்ப் படகு வந்து சேரும் இறங்குதுறைக்குக் கிட்டத்தான் எங்கள் தரிப்பிடம். அந்த வருடம் என் மனைவி வசந்திக்குப் பித்தப்பையில் கல் என்று ஒப்பரேஷன் செய்தார்கள். அவள் உள்ளே இருந்த நேரம் நான் ஆஸ்பத்திரி விறாந்தையில் நின்று முருகனுக்கு நேர்த்தி வைத்தேன். இவள் முழுசாக வீட்டுக்கு வந்தால் கந்தசஷ்டி ஆறு நாளும் விரதம் இருந்து, சூரன் போரன்று சூரனைத் தூக்குவேன் என்று. அவள் முழுசாக வந்தாள். (பித்தப்பை வரவில்லை. அதை முருகன் கணக்கில் எடுக்கமாட்டார் என்று எங்கள் கோயில் ஐயர் சொன்னார்.)

சூரன் தூக்குவது என்றால் சும்மா தூக்குவதில்லை. ஆளைவிடப் பெரிய மரச் சூரனைத் தண்டில் கட்டி, தோள் கொடுத்து, மேளத்துக்கு ஏற்ப முன்னும் பின்னும் ஓடிக் குலுக்கி ஆட்டவேண்டும். எதிரே முருகன் வேலோடு வருவார். வேல் பட்டதும் சூரனுக்கு ஒரு தலையைக் கழற்றி அடுத்த தலையை மாட்டுவார்கள். யானை முகம், சிங்க முகம், பிறகு சூரனின் சொந்த முகம் என்று ஒவ்வொன்றாகப் போகும். ஆகவே தலைகளை இறுக்கிக் கட்டுவதில்லை. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

விரதகாரர் விடியற்காலை முழுகி, ஈர வேட்டியோடு கோயிலை வலம் வந்து, பூசை முடிந்ததும் காய்ந்த வேட்டிக்கு மாறுவது எங்கள் பக்கத்து வழக்கம். எனக்கு அது போதவில்லை. மற்றவர்கள் கோயில் மூலையில் துவாயைச் சுற்றிக்கொண்டு வேட்டி மாற்றுவதைப் பார்க்க எனக்கு ஒரு இளக்காரம். இவர்களுடைய பக்தி ஒரு மணித்தியாலத்தில் காய்ந்துவிடுகிற பக்தி என்று மனதுக்குள் சிரித்தேன். நான் சஷ்டிக்கு ஒரு மாதம் முன்னரே தொடங்கி, கட்டிய ஈர வேட்டியை உடம்பிலேயே காயவிடுவது என்று முடிவு செய்தேன். முருகன் இதைக் கேட்கவில்லை. ஐயரும் கேட்கவில்லை. வசந்தி, “உது தடிமன் பிடிக்கப்போற வேலை” என்றாள். அவளுக்குப் பக்தி குறைவு என்று நினைத்தேன்.

ஐப்பசி மாதம் எங்கள் ஊரில் எப்படி இருக்கும் என்று வெளியூர்க்காரருக்குச் சொல்லவேண்டும். கடலுக்கு மேலே கறுப்பாக எழும்பி வந்து, வந்ததெல்லாம் எங்கள் தலையில்தான் கொட்டும். குசினி அடுப்புக்கு மேலே கட்டிய கொடியில் உடுப்பு மூன்று நாளானாலும் காயாது. அலுமாரிக்குள் இருக்கிற செருப்பில் பச்சைப் பூஞ்சணம் பூக்கும். அப்படிப்பட்ட மாதத்தில், ஈர வேட்டிக்கு மேலே மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு, ஓட்டோவின் றெக்சின் சீற்றில் காலை முதல் மாலை வரை ஒருவன் இருந்தால் என்ன நடக்கும்? எனக்கு இன்று தெரியும். அன்று தெரியாது.

முதலில் இலேசான அரிப்பு. நுளம்புக்கடி என்று நினைத்தேன். பிறகு குளியலறைக் கதவைப் பூட்டி, முகம் வழிக்கிற கண்ணாடியைப் பிடித்துப் பார்த்தேன். பார்த்தவன் திகைத்துப்போனேன். ஓரமெல்லாம் சிவந்து மேடாக, நடு வெளிறி, யாரோ கவராயம் வைத்துக் கீறியது போல ஒரு வட்டம். அதைத் தொட்டு இன்னொன்று. மயிலிறகின் கண் மாதிரியே இருந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஒரு நிமிடம் எனக்குக் கண் கலங்கிவிட்டது. முருகன் தன் வாகனத்தின் அடையாளத்தை என்மேல் போட்டுவிட்டார் என்று நினைத்தேன். (ஏன் அந்த இடத்தில் போட்டார் என்று கேட்கிற புத்தி அப்போது இருக்கவில்லை.)

அடையாளம் நாளுக்கு நாள் பெருத்தது. சீற்றில் இருந்து ஓட ஏலாமல் அரைவாசி எழும்பியபடி ஓடினேன். அதைக் கண்டுபிடித்தவன் நஸீர். கிண்ணியாக்காரன், எங்கள் தரிப்பிடத்திலேயே நல்ல மனம் உள்ளவன்.

“என்ன மச்சான், குதிரையிலயா போறாய்?” என்று கேட்டான்.

நான் சொல்லாமலே விளங்கிக்கொண்டு, தன் ஓட்டோ டாஷ்போட்டைத் திறந்து, கசங்கின களிம்பு ரியூப் ஒன்றை எடுத்தான். “இது சீற்றில இரிக்கிற நம்மட ஆக்களுக்கெல்லாம் வாறதுதான். இதப் பூசு. நாளைக்கே சரி.”

அந்த ரியூப்பின் பெயர் அழிந்துபோயிருந்தது. எங்கள் தரிப்பிடத்தில் அது போகாத தொடை இல்லை என்று பிறகு அறிந்தேன். பூசினேன். என்ன அதிசயம், நாளைக்கே சரி! நஸீருக்கு நன்றி சொல்லாமல் முருகனுக்குத் தேங்காய் உடைத்தேன். ஒரு கிழமை கழித்து அது திரும்பி வந்தது. தனியாக வரவில்லை. வயிற்றுக்கும் முதுகுக்கும் ஆள் அனுப்பியிருந்தது. சஷ்டி தொடங்கியதும், விரதத்தில் மருந்து தொடக்கூடாது என்று நானே ஒரு சட்டம் போட்டு ரியூப்பையும் நிற்பாட்டினேன். அதோடு அது அவிழ்த்துவிட்ட மாடு மாதிரி ஓடத் தொடங்கிற்று.

இரவில் நான் சொறிகிற சத்தத்தை வசந்தி எலி என்று நினைத்தாள். குசினியில் எலி தேங்காய்ச் சிரட்டையைச் சுரண்டுகிறது என்று சொல்லி எலிப்பொறி வைத்தாள். தினமும் பொறியில் புதுத் தேங்காய்த் துண்டு வைப்பாள், காலையில் அது அப்படியே இருக்கும். “படிச்ச எலியப்பா இது” என்பாள். கட்டின மனைவியிடம்கூடச் சொல்லாமல் எலியாக வாழ்ந்தேன். அவ்வளவு வெட்கம்.

இனித் தவமணி அக்காவைப் பற்றிச் சொல்லவேண்டும். லிங்கநகரில் இருக்கிறவ. இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுப்பவ. தினமும் காலையில் என் ஓட்டோவில்தான் பெட்டிகளை ஏற்றி வருவா. அவவின் கணவர் சிவபாதத்தார் துறைமுகத்தில் வேலை செய்து ஓய்ந்தவர். சீனி வருத்தம் கடுமையாக உள்ளவர், வாயைக் கட்டாதவர். ஒரு பல்லுப் பிடுங்கின பிறகு அவருடைய ஒரு பக்கக் கன்னம் வீங்கிவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போனால் வெட்டிப்போடுவார்கள் என்று பயந்து, கைமருந்து போட்டுக்கொண்டு வீட்டில் கிடந்தார்.

சஷ்டி நடுவில் ஒருநாள் ஓட்டோவில் வரும்போது அக்கா சொன்னா. “தம்பி, மனுசனுக்கு அந்தப் பக்கம் தொட்டா விளங்குதில்லையாம். மூக்குக்குள்ள கறுப்பாக் கிடக்கு. எனக்கு நெஞ்சு பதறுது. கூட்டிக்கொண்டு போகவோ விடவோ எண்டு தெரியேல்லை. அவர் வரமாட்டன் எண்டு நிக்கிறார்.”

அந்த நேரம் என் கவனம் முழுக்க என் இடது தொடையில். “பல்லுப் பிடுங்கினா வீங்கத்தானே அக்கா செய்யும். சளி காஞ்சிருக்கும்” என்று சொல்லிவிட்டேன். வைத்தியம் எனக்கு அவ்வளவு இலேசாக வந்தது.

அக்கா பெருமூச்சு விட்டா. “சூரன் போரண்டைக்கு முருகனிட்டயே கேக்கப்போறன். அவன் சொன்னபடி செய்வன்.”

சூரன் போரும் வந்தது. மழை கொஞ்சம் விட்டிருந்தது. கோயில் வீதியெல்லாம் சேறு, சனம். என்னை முன் தண்டில் இடப்பக்கம் நிறுத்தினார்கள். தூக்குகிறவர்களுக்குப் பொறுப்பான அண்ணை ஒருவர் எல்லோருக்கும் ஒரே கட்டளை போட்டார்: இரண்டு கையும் தண்டில் இருக்கவேணும், கை எடுத்தால் சூரன் சரிவான். இரண்டு கையும்! அந்தச் சொல்லைக் கேட்டதும் என் உடம்பில் இருந்த அவ்வளவு வட்டமும் ஒன்றாகக் கண் திறந்தன.

மேளம் அடித்தது. முதல் ஓட்டத்திலேயே வியர்வை இறங்கிற்று. உப்பு வியர்வை புண்ணில் பட்டால் எப்படி இருக்கும் என்று அனுபவித்தவருக்குத் தெரியும். நெருப்புக் கொள்ளியை மெல்ல மெல்ல வைத்து எடுப்பது போல. நான் பல்லைக் கடித்தேன். முருகா என்றேன். ஒரு காலால் மற்றக் காலை உரசிப் பார்த்தேன். அது மேளத்துக்கு ஏற்ப ஆடுவது போல இருந்திருக்கவேண்டும், அருகில் நின்றவர் உற்சாகமாகி அவரும் அப்படி ஆடினார். பிறகு துள்ளினேன். துள்ளும்போது வேட்டி உரசி ஒரு கணம் சுகமாக இருந்தது. அந்த ஒரு கணத்துக்காகத் திரும்பத் திரும்பத் துள்ளினேன். கண் மேலே செருகிவிட்டது. வாயால் ஏதோ சத்தம் வந்தது. என் துள்ளலில் தண்டு ஒரு பக்கம் எழும்ப, மேலே இருந்த சிங்கத் தலை ஆடி, ஆடி, கழன்று, சனத்துக்கு நடுவே சேற்றில் விழுந்து உருண்டது.

வேல் இன்னும் வந்து சேரவில்லை. ஐயர் தூரத்தில் வேலோடு நின்று, நான் இப்ப என்ன செய்ய என்பது போலப் பார்த்தார். முருகன் போருக்கு வருமுன் சூரனின் தலையை விழுத்திய ஒரே மனிதன், கோணேசப் பெருமான் அறிய, நான்தான்.

ஒரு நிமிடம் மேளமும் நின்றது. எல்லோரும் என்னை அடிக்கப்போகிறார்கள் என்று நினைத்தேன். அப்போதுதான் யாரோ ஒரு பெண் குரவை இட்டா. “முருகன் வந்திட்டான்” என்று ஒரு குரல். சனம் அப்படியே கை கூப்பிற்று. தண்டை என் தோளில் இருந்து எடுத்தார்கள். கை விடுபட்டதும் நான் என்ன செய்யப் போனேன் என்று உங்களுக்குத் தெரியும். செய்யவிடவில்லை. இரண்டு பேர் என் இரண்டு கையையும் பக்தியோடு பிடித்துக்கொண்டார்கள். உரு வந்தவனைக் குளிர்விக்கவேண்டும் என்று ஒரு வாளி மஞ்சள் தண்ணீரைத் தலையோடு ஊற்றினார்கள். (ஈரத்துக்கு மேலே ஈரம்.) திருநீற்றை அள்ளி அப்பினார்கள். பிறகு வேப்பிலைக் கொத்தால் முதுகில் அடித்தார்கள். அந்தச் சுகத்தை நான் எப்படி எழுதுவேன்! ஒரு மாதமாக எட்டாத இடமெல்லாம் எட்டிற்று. என் கண்ணில் இருந்து தண்ணீர் வழிந்தது. அதைப் பார்த்துச் சனமும் அழுதது. இன்னும் கொஞ்சம் கீழே என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. சபை மரியாதைக்காக விழுங்கிக்கொண்டேன்.

அப்போதுதான் தவமணி அக்கா சேற்றில் விழுந்து என் காலைப் பிடித்தா.

“அப்பனே முருகா, என்ட மனுசனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறதோ, விடுறதோ? நீ சொல்லு. நீ சொன்னாத்தான் எழும்புவன்.”

என் மயக்கமெல்லாம் ஒரே அடியில் தெளிந்துவிட்டது. காலடியில் ஒரு மனுசி. கேட்கிறது புருஷனின் உயிர். சுற்றி நின்ற சனம் என் வாயைப் பார்க்கிறது. நான் யார் சொல்ல? ஒரு மாதமாக உள்ளுக்குள் எரிகிறதை மறைத்து மறைத்து, அதை இடுப்பில் இருந்து முதுகு வரை வளர்த்து வைத்திருக்கிறவன். அன்று காலையில்கூட டொக்டரிடம் போகலாமா என்று யோசித்து, ஆட்கள் என்ன சொல்வார்கள் என்று விட்டவன். அவருடைய மூக்கில் இருந்த கறுப்பைச் சளி என்று சொன்னவன்.

“அக்கா, நான் முருகன் இல்லை. நடேசன். எனக்குக் கடி, அதுதான் துள்ளினனான்” என்றேன். “ஆனா அவரைக் கொண்டு போங்கோ. மறைச்சு வைக்காதேங்கோ. இண்டைக்கே, இப்பவே கொண்டு போங்கோ. நானும் வாறன்.”

சத்தியமாக இப்படித்தான் சொன்னேன். அரிப்புக்கு எங்கள் பக்கம் சொல்கிற கடி என்ற சொல்லை என் வாயால், எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன். ஒருவரும் அதை எடுக்கவில்லை. எனக்குப் பக்கத்தில் நின்ற வயதான ஒருவர் பணிவோடு விளக்கம் சொன்னார், சாமி எந்தக் காலத்தில் தன்னைச் சாமி என்று ஒத்துக்கொண்டிருக்கு என்று. அக்காவோ எழும்பி ஓடத் தொடங்கிவிட்டா. நானும் வாறன் என்று சொன்னதால் நானும் ஓடினேன்.

மஞ்சள் வடிய, திருநீறு ஒழுக, அந்த ஈர வேட்டியோடு ஓட்டோவை எடுத்துக்கொண்டு லிங்கநகருக்குப் போனேன். சிவபாதத்தார் முன் விறாந்தையில் சாய்கதிரையில் கிடந்தார். ஒரு கண் வீங்கி மூடத் தொடங்கியிருந்தது. அக்கா நடந்ததைச் சொல்லி, “முருகனே வாசலில வந்து நிக்கிறான், எழும்புங்கோ” என்றா.

அவர் மற்றக் கண்ணால் என்னை மேலும் கீழும் பார்த்தார். “முருகன் எண்டா மயிலில எல்லோ வரவேணும். ஓட்டோவில வாறவன் ஆர்?”

“மயிலுக்கு இண்டைக்கு லீவு, அண்ணை. ஏறுங்கோ” என்றேன்.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்க வலித்தது. அந்த வலியில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, வேறு கதை இல்லாமல் வந்து ஏறினார். சாமி சொன்னதால் ஏறினாரா, சிரிப்பால் ஏறினாரா என்று அவருக்கே இன்றுவரை தெரியாது.

ஆஸ்பத்திரியில் இருந்த டொக்டர் அவரை வாய் திறக்கச் சொல்லி ரோர்ச் அடித்துப் பார்த்தார். மேல் அண்ணம் ஒரு பக்கம் கறுத்திருந்தது. அதுவரை பகிடி விட்டுக்கொண்டிருந்த டொக்டர் பேச்சை நிற்பாட்டினார். அதற்குப் பிறகு எல்லாம் ஓட்டம்தான். இரத்தம் எடுத்தார்கள், சேலைன் ஏற்றினார்கள், போன் எடுத்தார்கள், அன்றைக்கே அம்புலன்ஸில் கொழும்புக்கு அனுப்பினார்கள். அக்கா ஏறும்போது திரும்பி என்னைப் பார்த்துக் கும்பிட்டா. நான் பதிலுக்குக் கும்பிடப் போய், கை வழியிலேயே இறங்கிச் சொறியத் தொடங்கிற்று.

அதை அந்த டொக்டர் கண்டுவிட்டார். “நீங்கள் ஆர்?” என்று கேட்டார்.

நான் வாய் திறக்குமுன் அங்கே நின்ற தாதி, “முருகனாம், டொக்டர்” என்றா.

டொக்டர் என் மஞ்சள் கோலத்தை நிதானமாகப் பார்த்தார். “சரி முருகன் ஐயா, ஏன் சொறியிறீங்கள்?”

அடுத்த கிழமை தோல் கிளினிக். (அந்தத் தாதி எழுதியபடியே அட்டையில் என் பெயர் முருகன் என்று இருந்தது. அங்கே இன்றும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.) உள்ளே போனால் டொக்டர் ஒரு இளம் பெண் பிள்ளை. திரும்பி ஓடப் பார்த்தேன். என்னோடு வந்த வசந்தி வாசலில் நின்று மறித்துவிட்டாள். எலியின் கதை முழுவதும் அவளுக்கு அன்றுதான் வெளித்தது. அவள் சிரிக்கவில்லை. “எனக்கு வயித்தைத் திறந்து எத்தினை பேர் பாத்தவை. உங்களுக்குத் தொடையைக் காட்ட வெக்கமோ” என்று மட்டும் கேட்டாள். காட்டினேன்.

டொக்டர் பிள்ளை ஒரு மழுங்கின கத்தியால் ஓரத்துத் தோலை இலேசாகச் சுரண்டி, அந்தத் தூளைக் கண்ணாடித் துண்டில் போட்டு, ஒரு துளி மருந்து விட்டு, கொஞ்சநேரம் வைத்துவிட்டு நுணுக்குக்காட்டியில் பார்த்தா. பிறகு என்னையும் பார்க்கச் சொன்னா.

நான் என் வாழ்க்கையில் கோணேசர் கோயில் மலையில் நின்று கடலைப் பார்த்தபோது ஒருமுறை வாயடைத்திருக்கிறேன். இது இரண்டாவது. கண்ணாடி போலத் தெளிந்த நூல்கள். மூங்கில் மாதிரிக் கணுக் கணுவாக, கிளை விட்டு, கிளைக்குள் கிளை விட்டு, துறைமுகத்தில் நங்கூரக் கயிறுகள் பின்னிக் கிடப்பது போலக் கிடந்தன. என் தோல் தூள் ஒரு கிள்ளுக்குள் ஒரு காடு! இதைத்தான் நான் எலி என்று வசந்தியை நம்பவிட்டு ஒளித்து வைத்திருந்தேன். கை தானாகக் கூப்பிவிட்டது. டொக்டர் பிள்ளை பார்த்துச் சிரித்தா.

“இது பங்கசு, பூஞ்சணம், ஐயா. மரமுமில்லை, விலங்குமில்லை. தனிச் சாதி” என்றா.

நான் கேட்கக் கேட்க அவ சொல்லிக்கொண்டே போனா. எனக்கு வந்தது படர்தாமரை. அது தோல், நகம், மயிர் இவற்றின் செத்த பகுதியைத்தான் தின்னும், உயிருள்ள சதைக்குள் இறங்காது. ஈரமும் சூடும் உரசலும் இருந்தால் அதற்கு விருந்து. நான் ஒரு மாதம் விருந்து வைத்திருக்கிறேன். நஸீரின் ரியூப் சிவப்பையும் அரிப்பையும் அடக்கியதே தவிரப் பங்கசைத் தொடவில்லை, உடம்பின் காவல்காரனைத்தான் நித்திரையாக்கியது. தேமலும் பங்கசுதான். அது எல்லோருடைய தோலிலும் சும்மா குடியிருப்பது, வியர்வைக் காலத்தில் மட்டும் வெளியே தெரியும். (எனக்கு வசந்தியைப் பெண் பார்க்கப் போனபோது மாமி அவளுடைய கழுத்துத் தேமலைக் காட்டி அதிர்ஷ்டம் என்று சொன்னவ. வசந்தி இதைக் கேட்டு என்னை முறைத்தாள்.) பாற்குடிக் குழந்தையின் வாயில் வெள்ளையாகப் படிவது இன்னொரு வகை. எந்நேரமும் தண்ணீரில் கை வைக்கிறவர்களுக்கு நகக்கண் வீங்குவதும் அநேகமாக அதனால்தான். தவமணி அக்காவின் விரல்கள் எனக்கு ஞாபகம் வந்தன. நெஞ்சுக்குள் போய்ச் சுவாசப்பையில் குடியிருக்கிறவையும் உண்டாம். பேக்கரிப் பாணையும் அப்ப மாவையும் பொங்க வைப்பதும் இதே சாதியில் ஒன்று. காளானும் இவர்களுக்குச் சொந்தம். ஒரு பூஞ்சணத்தில் இருந்து மனிதனைக் காப்பாற்றுகிற மருந்துகூட எடுத்திருக்கிறார்களாம்.

“அப்ப சிவபாதண்ணைக்கு?” என்று கேட்டேன்.

அவரைக் கொழும்புக்கு அனுப்பின கதையை அவவும் அறிந்திருந்தா; முகம் மாறிற்று. அதுவும் பங்கசுதான், பொல்லாதது என்றா. பழைய பாணிலும் அழுகின பழத்திலும் மண்ணிலும் இருப்பது. அதன் வித்து காற்றில் பறக்கிறது, நாங்கள் எல்லோரும் தினமும் மூச்சோடு இழுக்கிறோம். ஆரோக்கியமான உடம்பு சத்தமில்லாமல் கொன்றுவிடும். சீனி கட்டுக்கடங்காமல் ஏறி உடம்பு தளர்ந்திருந்தால் மூக்குக்குள்ளே முளைத்து, இரத்தக் குழாயை அடைத்து, சதையைக் கறுக்க வைத்து, கண்ணுக்கும் மூளைக்கும் ஏறும். ஆளில் இருந்து ஆளுக்குத் தொற்றாது. ஆனால் ஒரு நாள் பிந்தினாலும் பிந்தினதுதான்.

நான் வெளியே வந்து விறாந்தை வாங்கில் இருந்தேன். வசந்தியைக் காப்பாற்று என்று முருகனைக் கேட்டது இதே விறாந்தையில்தான். அன்று ஒருமுறை கேட்டேன். கேட்காமலே அவன் காப்பாற்றிக்கொண்டிருப்பது ஒவ்வொரு மூச்சுக்கும் என்று அந்த வாங்கில் இருந்தபோதுதான் எனக்கு விளங்கிற்று. மூச்சை இழுக்கவே பயமாக இருந்தது. விடவே மனமில்லாமலும் இருந்தது.

என் படர்தாமரை நீங்க மாதக்கணக்கு ஆனது. மருந்து விழுங்கினேன், பூசினேன், மாறின பிறகும் டொக்டர் சொன்ன நாள் வரை பூசினேன். சிவபாதத்தாரைக் கொழும்பில் வெட்டி வெட்டிச் சுத்தம் செய்தார்கள். மேல் அண்ணத்தில் ஒரு பக்கமும் அந்தப் பக்கத்துப் பற்களும் போயின. கண் தப்பிற்று. ஆள் தப்பினார். நான் முற்றத்து வெயிலில் சாரத்தை மடித்துக்கட்டிக்கொண்டு மருந்து பூசி நின்ற ஒரு நாளில், தவமணி அக்கா பழத்தட்டோடு அவரைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றா. நான் காய்ந்துகொண்டிருந்த கோலத்திலேயே காலில் விழப் போனா. அக்கா, அது கடி, வெறும் கடி என்று எவ்வளவோ சொன்னேன்.

“அந்தக் கடியைத் தந்தது ஆர்?” என்று கேட்டா.

என் மடைத்தனம் தந்தது என்பது நிச்சயம். அந்த மடைத்தனத்தையும் வீணாக்காமல் அவன் எடுத்துப் பாவித்தான் என்பதும் எனக்கு நிச்சயம். சிவபாதத்தார் அண்ணத்து ஓட்டையை மூடப் பிளேட் வைத்த வாயால், மூக்கால் பேசுவது போலக் கேட்டார்: “என்ன சாமி, உங்கட வட்டம் எல்லாம் சுகமோ?”

இப்போது எங்கள் கோயிலில் சூரனின் தலையை மீன்பிடி நைலோன் கயிற்றால் கட்டுகிறார்கள். கழற்றுவதற்கு ஒருவர் கத்தியோடு நிற்கிறார். பூசை முடிந்ததும் வசந்தி எல்லோருக்கும் முன்னால் என் கையில் காய்ந்த வேட்டியைத் தந்து, நான் மாற்றும் வரை நின்று பார்ப்பாள். சிலர் இன்னும் வாக்குக் கேட்க வருகிறார்கள். எல்லோருக்கும் ஒரே வாக்குத்தான்: மறைக்காதேங்கோ, டொக்டரிட்டக் காட்டுங்கோ. வீட்டில் நான் காதோரத்தைச் சொறிந்தாலும் போதும், குசினிக்குள் இருந்து குரல் வரும். “இஞ்சருங்கோ, வாக்கு ஏதும் வருதோ? இல்லாட்டி எலிப்பொறி வைக்கட்டோ?” இதை எழுதிக்கொண்டிருக்கும்போதும் கேட்டாள்.

வாசிக்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள், ஆனால் உள்ளது உள்ளபடி சொல்லுங்கள். ஒளிவட்டம் வேண்டாம். மயில் வேண்டாம், அன்றைக்கு அதற்கு லீவு. ஊரில் சொல்லுகிறவர்கள் முதலில் வெட்டி எறிவது என் அரிப்பைத்தான். அதை எடுத்துவிட்டால் கதை அழகாகிவிடும், எனக்கும் மரியாதை. ஆனால் எங்கேயோ ஒருவன் பூட்டின கதவுக்குப் பின்னால் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு, இது சாமி தந்த அடையாளம் என்று இன்னொரு மாதம் ஈர வேட்டியோடு இருந்துவிடுவான். அவனுக்காகவாவது அரிப்பையும் சேர்த்துச் சொல்லுங்கள். இடத்தையும் சொல்லுங்கள்.